பயனர் நான்கு

பிப்ரவரி 6

என் தம்பி பெண்டாட்டிக்கு,

உன் அறிக்கை வந்து சேர்ந்தது. வாத்தியமே இல்லாமல் வாயால் மட்டும் பாடுகிற எங்களைப் போன்ற குழுக்களுக்காக நீ ஒரு பயிற்சி வெப்சைட் செய்கிறாய். அதை எங்கள் ஆறு பேரிடம் கொடுத்துச் சோதித்தாய். முடிவைக் கூட்டமைப்புச் செயலாளருக்கு எழுதி அனுப்பினாய், அவர் எல்லாக் குழுக்காரர்களுக்கும் அனுப்பிவிட்டார். அதில் நான் எங்கே என்று தேடினேன். 'பயனர் நான்கு' என்று ஒருத்தி இருக்கிறாள். 'பயனர் நான்கு குழம்பினார். பயனர் நான்கு பட்டனைக் கோபமாக அழுத்தினார். பயனர் நான்கு பெற்ற மதிப்பெண் நூற்றுக்கு நாற்பத்தொன்று.' யாருக்கு எந்த எண் என்று நீ சொல்லவில்லை. ஆனால் பட்டனைக் கோபமாக அழுத்தக்கூடிய ஆள் எங்கள் குழுவில் நான் ஒருத்திதான். உன்னைக் கட்டிக்கொள்ளப்போவதை வீட்டில் சொல்லப் பயந்து உன் புருஷன் முழித்துக்கொண்டு நின்றபோது, முதலில் சரி என்று சொன்ன வாய் இது. இன்றைக்கு அந்த வாய்க்கு ஒரு நம்பர்.

இதை ஏன் தாளில் எழுதுகிறேன் என்று யோசிப்பாய். போனில் பேசினால் நீ பதிலுக்குப் பதில் பேசுவாய். மெயிலில் எழுதினால் அதையும் வெட்டி அறிக்கையில் ஒட்டிவிடுவாய். தம்பியிடம் சொல்லியனுப்பலாம் என்றால் அவன், "மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடிங்கிற மாதிரி என்னால முடியாது, நீங்களே எழுதிக்குங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டான்.

அந்தச் சோதனை நாளையே எடுத்துக்கொள். நான் வரவேற்பில் உட்காரும் பல் டாக்டர் கிளினிக்கில், நோயாளிகள் போன பிறகு நாற்காலிகளை ஓரம் தள்ளி உனக்கு இடம் செய்து கொடுத்தேன். நீ லேப்டாப்பை வைத்தாய், கேமராவை என் மூஞ்சிக்கு நேராகத் திருப்பினாய், பெரிய ஹெட்போன் ஒன்றை என் தலையில் மாட்டினாய். மனதில் தோன்றுவதையெல்லாம் சத்தமாகச் சொல்லவேண்டும், நீ உதவ மாட்டாய் என்று சட்டம் பேசினாய். அப்புறம் பக்கத்தில் இடித்து வைத்த புளி மாதிரி உட்கார்ந்துவிட்டாய். நான் பாடவேண்டிய குரல் எங்கே என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். கடைசியில் என் முன்னால் வந்து குனிந்து, "உங்களுக்கு எங்க இருக்கும்னு தோணுது?" என்று என்னையே கேட்டாய். வழியில் போகிறவனிடம் கேட்டால்கூடக் கையையாவது நீட்டிக் காட்டுவான்.

நான் சொல்வது இதுதான். இடக் காதில் அவரவர் பாடவேண்டிய குரல், வலக் காதில் மற்ற குரல்கள் என்று பாகப்பிரிவினை செய்து வைத்திருக்கிறாயே, அதை எடுத்துவிடு. எல்லாக் குரலும் இரண்டு காதிலும் வரட்டும். செயலாளர் இந்த மார்க்கை வைத்துக்கொண்டு, அறுபதுக்குக் கீழே வாங்கியவர்கள் ஏப்ரல் கூடுகையில் மேடை ஏறக்கூடாது என்று சட்டம் போட்டிருக்கிறார். இந்தக் குழுவை ஆரம்பித்தவள் நான். சுருதிக் குழலை ஊதி ஆரம்பக் குரல் எடுத்துக் கொடுப்பவள் நான். நான் கீழே உட்கார்ந்து கைதட்டுவேன் என்று நீங்கள் இரண்டு பேரும் நினைத்தால், அது நடக்காது.

உன் நாத்தனார்


பிப்ரவரி 12

பெரிய நாத்தனார் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கோபம் கிடைத்தது. ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இந்த முறை பதில் சொல்லக்கூடாது என்ற சட்டம் எனக்கு இல்லை.

எண் போட்டது உங்களை அவமானப்படுத்த அல்ல. சோதனைக்கு உட்காரும் யாருடைய பெயரும் வெளியே போகாது என்று வாக்குக் கொடுத்துத்தான் உட்கார வைக்கிறோம். நான் உதவாமல் இருந்ததும் திமிரால் அல்ல. நான் கையை நீட்டிக் காட்டினால் நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள், வெப்சைட்டில் இருக்கும் ஓட்டை எனக்குத் தெரியாமல் போய்விடும். நாளைக்கு ஒருவர் தன் வீட்டில் தனியாக உட்கார்ந்து பழகும்போது நான் பக்கத்தில் வந்து நிற்க முடியுமா?

இடம், வலம் பிரித்ததற்கு வருகிறேன். அது என் மூளையில் உதித்ததல்ல. போன செப்டம்பரில் உங்கள் ஆறு பேரையும் கேட்டுக் குறிப்பு எடுத்தபோது நீங்களே சொன்னது: "தன் குரல் இடக் காதுல, ஊர்க் குரல் வலக் காதுல. கேசட் காலத்துலேர்ந்து நாங்க அப்படித்தான் பழகறோம். அதை மட்டும் மாத்திடாதே." நீங்கள் சொன்னபடியே செய்தேன். மற்ற ஐந்து பேரும் எண்பதுக்கு மேல் வாங்கியிருக்கிறார்கள். ஒருவருக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக ஐந்து பேர் பழகிய வழியை என்னால் இடிக்க முடியாது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இதை நான் சொல்லவில்லை, ஊர் சொல்கிறது.

மார்க் போடும் பகுதி செயலாளர் கேட்டது. அதை வைத்து அவர் மேடைக்குக் கதவு போடுவார் என்று எனக்கும் தெரியாது. எனக்கும் அது பிடிக்கவில்லை. ஆனால் வேலை கொடுத்தவர் அவர்.

கடைசியாக ஒன்று. எழுதக்கூடாது என்று இரண்டு நாள் அடக்கி வைத்திருந்தேன், முடியவில்லை. சோதனைக்கு வந்திருந்தபோது உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், உங்கள் தம்பி கை கழுவப் போன நேரம் பார்த்து, உங்களிடம் ஒரு விஷயம் சொன்னேன். வேறு யாரிடமும் சொல்லாத விஷயம். வாயிலிருந்து வர எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று எனக்குத்தான் தெரியும். நீங்கள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தண்ணீர் சொம்பை எடுத்துக் குடித்தீர்கள், அடுத்த கவளத்தை எடுத்தீர்கள். அதனால்தான் மறுநாள் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினேன். என்ன சொன்னேன் என்று இன்னொரு முறை சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி


பிப்ரவரி 19

அம்மா தாயே,

கூடம் கோணலா, ஆடுகிறவள் கோணலா என்பதை அப்புறம் பார்ப்போம். முதலில் சாப்பாட்டு மேசை. நீ அன்றைக்கு என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியாதா? தலையைக் குனிந்துகொண்டு தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாய். பயணக் களைப்பு, போகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். நடக்காததை நடந்ததாகச் சொல்லி என்னைக் கல்நெஞ்சக்காரி ஆக்காதே. பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லவேண்டும்.

செப்டம்பரில் நான் சொன்னதை எடுத்துக் காட்டியிருக்கிறாய். செப்டம்பரில் சொன்னதைப் பிப்ரவரியில் மாற்றிக்கொள்ள எனக்கு உரிமை இல்லையா? நான் என்ன கல்வெட்டா?

இடம் வலம் வேண்டாம் என்று நான் சொல்வது எனக்காக இல்லை. ஊருக்காகச் சொல்கிறேன். எங்கள் தையல்காரி மிஷினை மிதித்துக்கொண்டே ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு பழகலாம். கணக்கு டீச்சர் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, அவள் இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு பாட முடியுமா? ஒரு பக்கம் கம்பி அறுந்த ஹெட்போனை வைத்துக்கொண்டு எத்தனை பேர் காலம் தள்ளுகிறார்கள்? இவர்களுக்கெல்லாம் பாட்டில் பாதிதான் வரும். இதையெல்லாம் யோசித்தாயா? பெரிய ஹெட்போனைத் தலையில் மாட்டிவிட்டு உலகமே இப்படித்தான் பாடுகிறது என்று நினைத்துக்கொண்டாய்.

உனக்குத் தெரிந்ததெல்லாம் பட்டன். எனக்குத் தெரிந்தது குரல். கூட்டமைப்பில் என் பேச்சுக்கும் கொஞ்சம் மதிப்பு இருக்கிறது என்பதை மறந்துவிடாதே.

நாத்தனார்


மார்ச் 1

அக்கா,

பொய் சொல்கிறாய் என்று எழுதிவிட்டீர்கள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நீங்கள்தான் அன்றைக்கு முறைப்பாக இருந்தீர்கள் என்பதற்கு ஆதாரம் தேடித்தான் சோதனை வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். சண்டைக்காகப் பார்த்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

வீடியோவில் நான் உங்கள் இடப்பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் குரல் எங்கே என்று கேட்கிறீர்கள். நான் உடனே, "உங்களுக்கு எங்க இருக்கும்னு தோணுது?" என்று திருப்பிக் கேட்கிறேன். ஒருமுறை அல்ல, கேட்ட ஒவ்வொரு முறையும். நீங்கள் திரும்பவே இல்லை. ஹெட்போன் மாட்டியிருப்பதால் கேட்டிருக்காது என்று முதலில் நினைத்தேன். பாட்டு ஓட ஆரம்பித்ததும் ஹெட்போனைக் கழற்றி, இடது வலது மாற்றி மாட்டிக்கொள்கிறீர்கள். மாட்டியதும் உங்கள் குரலைப் பிடித்து ஒரு வரி பாடுகிறீர்கள். அதற்கு முன்பு கேட்டறியாத புதுப் பாட்டு, ஒரு பிசிறு இல்லை. அடுத்த வரியில் மற்றவர்கள் எங்கே போகிறார்கள் என்று தெரியாமல் நின்றுவிடுகிறீர்கள். திரும்பவும் மாற்றி மாட்டுகிறீர்கள். பட்டனைக் கோபமாக அழுத்தியது அதற்குப் பிறகுதான்.

எல்லாம் முடிந்து ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்த பிறகு, தண்ணீர் வேண்டுமா என்று நான் இடப்பக்கத்திலிருந்து கேட்கிறேன். நீங்கள் சும்மா இருக்கிறீர்கள். வலப்பக்க வாசலில் உங்கள் குழுவின் பஸ் டிரைவர் இருமுகிறார், சட்டென்று திரும்புகிறீர்கள். அந்த இடத்தில் வீடியோவை நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

சாப்பாட்டு மேசையிலும் நான் உட்கார்ந்தது இடப்பக்க நாற்காலிதான், அக்கா.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். இடக் காது கேட்கிறதா? இல்லையென்றால் ஒரு வரி எழுதுங்கள். செயலாளரிடம் நான் பேசுகிறேன். உங்களுக்கு மட்டும் மார்க் இல்லை என்று விலக்கு வாங்கிவிடலாம். உங்கள் தம்பியிடம் சொல்லவில்லை. நீங்கள் சொல்லச் சொன்னால் ஒழிய சொல்லமாட்டேன்.

உங்கள் தம்பி மனைவி


மார்ச் 8

கேட்கவில்லை. போதுமா?

நான் கொடுத்த இடத்தில் கேமராவை வைத்து என்னையே வேவு பார்த்திருக்கிறாய். இந்த வரியை எழுதிவிட்டு மூன்று நாள் தாளைத் தொடவில்லை. கிழித்துப்போடலாம் என்றும் நினைத்தேன். ஆனால் யாரிடமாவது ஒருத்தரிடம் சொல்லியாகவேண்டும் போலிருக்கிறது. நீதான் ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டாயே, உன்னிடமே சொல்லித் தொலைக்கிறேன்.

போன நவம்பரில் காய்ச்சலில் படுத்தேனே, அது தணிந்த காலையில் இடப்பக்கம் வீடு அமைதியாக இருந்தது. காதில் நீர் கோத்திருக்கும் என்று தலையைச் சாய்த்துத் தட்டிப் பார்த்தேன். ஒரு வாரம் கழித்துக் காது டாக்டரிடம் போனேன். முதல் நாளே வந்திருக்கவேண்டும் என்றார். நரம்பு போய்விட்டது, திரும்பாது, வலக் காதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். மாட்டிக்கொள்ளும் கருவியும் இதற்குப் பயன்படாதாம். அவர் நல்ல மனிதர்தான், ஆனால் அன்றைக்கு அவரை அடிக்கலாம் போலிருந்தது.

கிளினிக்கில் போனை மேசையின் வலப்பக்கம் மாற்றி வைத்துக்கொண்டேன். இடப்பக்கமாக வந்து யாராவது கூப்பிட்டால் எழுதிக்கொண்டிருப்பது மாதிரி பாவனை செய்வேன். அது ஒன்றும் பெரிதில்லை. குழுவில்தான் உயிர் போகிறது. அரைவட்டத்தின் நடுவில் நான் நிற்கிறேன். வலப்பக்கம் நிற்பவர்களின் குரல் கேட்கிறது. இடப்பக்கம் நிற்பவர்கள் வாயை மட்டும் அசைக்கிறார்கள். இடப்பக்கம் நிற்கும் பஸ் டிரைவர்தான் எங்கள் கீழ்க் குரல், குழுவே அவர்மேல்தான் நிற்கிறது. நவம்பருக்குப் பிறகு அவர் குரல் எனக்குக் கேட்கவே இல்லை. அவர் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்து, சரியாகத்தான் பாடுவார் என்று நினைத்துக்கொண்டு தலையாட்டுகிறேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். சுருதி விட்டவர்களையெல்லாம் "காது இருக்கா உனக்கு?" என்று இத்தனை வருஷமாகக் கேட்டவள் நான். டீச்சர் ஒருமுறை அழுதிருக்கிறாள். அந்தக் கேள்வியை அவர்கள் என்னிடம் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள், நல்லவர்கள். நாற்காலி கொண்டுவந்து போடுவார்கள். மெதுவாகப் பேசுவார்கள். சுருதிக் குழலை வேறு யாராவது வைத்துக்கொள்ளட்டுமே என்று ஒருநாள் ஒருத்தர் ஆரம்பிப்பார். அந்த நாளை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. பயம் என்று நான் எழுதியதை நீ வேறு எங்கும் எழுதக்கூடாது.

உன் விலக்கு எனக்கு வேண்டாம். இரக்கப்பட்டுப் போடும் பாஸ் மார்க்கை வைத்துக்கொண்டு மேடையில் நிற்பதைவிட வீட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பேன். எனக்காக ஒரு பட்டனும் போடாதே. செயலாளரிடம் என்னைப் பற்றி வாயைத் திறந்தால் இந்த ஜென்மத்தில் உன்னோடு பேச்சில்லை. தம்பிக்கும் தெரியக்கூடாது. அவன் அழுதுவிடுவான், அதைச் சமாளிக்க என்னால் ஆகாது.

முன்பெல்லாம் ஊர் சொல்வதை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுவேன். இப்போது அந்த வசதியும் போச்சு. உள்ளே வந்தது உள்ளேயே கிடக்கிறது. நீ சொன்ன கூடம் கோணல் கதையும் அங்கேதான் கிடக்கிறது.

அன்றைக்கு மேசையில் என்ன சொன்னாய்? திரும்பச் சொல்.


மார்ச் 20

அக்கா,

கடிதத்தைப் படித்து அழுதேன். அழுதது இரக்கத்தில் இல்லை, என்மேல் வந்த எரிச்சலில். அது போகட்டும். உங்களுக்காக ஒரு பட்டனும் போடவில்லை. வாக்கு வாக்குதான். நடந்ததைக் கேளுங்கள்.

ஊருக்காகச் சொல்கிறேன் என்று போன மாதம் காரணம் அடுக்கியிருந்தீர்களே, அதெல்லாம் சாக்கு என்று இப்போது எனக்குத் தெரியும். ஆனாலும் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. மற்ற ஐந்து பேருக்கும் போன் போட்டு, வீட்டில் எப்படிப் பழகுகிறீர்கள் என்று கேட்டேன். தையல்காரி நிஜமாகவே ஒரு காதில்தான் மாட்டுகிறார், மறு காது வாடிக்கையாளருக்கு. டீச்சர் ஒரு காதைக் குழந்தைக்கு விட்டுவைத்திருக்கிறார். டிரைவர் போனைச் சமையல் மேடையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பாத்திரம் கழுவுகிறார். இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு பழகுகிற ஆள் ஐந்து பேரில் ஒருவர்தான். சோதனையில் அவர்கள் எண்பது வாங்கியது, நான் பெரிய ஹெட்போனைத் தலையில் மாட்டி, குழந்தையும் மிஷினும் இல்லாத அறையில் உட்கார வைத்ததால். வீட்டில் அவர்களில் பலர் பாதிப் பாட்டைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஏன் இதைச் சொல்லவில்லை என்று டீச்சரிடம் கேட்டேன். "நான்தான் சரியாப் பிடிக்கலைன்னு நினைச்சேன்மா" என்றார்.

நீங்கள் வாய்க்கு வந்ததை எழுதினீர்கள், அத்தனையும் நிஜமாகப் போய்விட்டது. உங்கள் அதிர்ஷ்டத்தை நினைத்தால் வயிறு எரிகிறது.

அதனால் மாற்றிவிட்டேன். இனி எல்லாக் குரலும் இரண்டு பக்கமும் வரும். தன் குரலைத் தூக்கி வைக்கவும் மற்றதைத் தாழ்த்தவும் ஒரே ஒரு நகர்த்தும் கோடு. பழைய மாதிரி இடம் வலம் வேண்டுமென்றால் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். யார் எந்தக் காதில் கேட்டாலும் முழுப் பாட்டு கிடைக்கும்.

மார்க் போடும் பகுதியையும் எடுத்துவிட்டேன். அது உங்களுக்காக என்று நினைக்காதீர்கள். ஹெட்போனுக்குப் போட்ட மார்க்கை மனிதருக்குப் போட்டதாகச் சொல்வது என் தொழிலுக்கு அவமானம். செயலாளர் போனில் குதித்தார். "வேற ஆளை வச்சு செஞ்சுக்கறோம்" என்றார். செய்துகொள்ளுங்கள், நான் எழுதியதை நான் எடுத்துக்கொண்டு போகிறேன் என்றேன். யாருக்கு வேண்டுமோ அவர்கள் பயன்படுத்தும்படி என் பெயரிலேயே திறந்துவிடப்போகிறேன். அப்போதும் அவர் விடவில்லை. பழைய அறிக்கை கையில் இருக்கிறது, மேடைச் சட்டம் மாறாது, பயனர் நான்கு யார் என்று சொல் என்றார். வாக்குக் கொடுத்திருக்கிறேன், சொல்லமாட்டேன் என்றேன். உங்கள் குழுவில் ஒருவர் என்பதுவரை அவருக்குத் தெரியும். யார் என்பது என்னிடமிருந்து போகாது.

அன்றைக்கு மேசையில் சொன்னதை, நீங்கள் கேட்டதால் திரும்பச் சொல்கிறேன். கம்பெனி வேலையை விட்டுவிட்டேன், அக்கா. இந்த வெப்சைட்தான் என் முதல் சொந்த வேலை. உங்கள் தம்பிக்கு இன்னும் தெரியாது, தினமும் காலையில் பையை மாட்டிக்கொண்டு நூலகத்துக்குப் போய் உட்கார்ந்து வேலை செய்கிறேன். தனியாகக் குழு ஆரம்பித்தவர் நீங்கள், உங்களிடம் சொன்னால் "தைரியமாச் செய்" என்று ஒரு வார்த்தை சொல்வீர்கள் என்று நினைத்தேன். இப்போது அந்த வேலையும் போய்விட்டது. ஆனாலும் செயலாளரிடம் முடியாது என்று சொன்ன அன்றைக்கு நன்றாகப் பசித்தது, நன்றாகச் சாப்பிட்டேன்.

உங்கள் தம்பி மனைவி


ஏப்ரல் 9

என் தம்பி பெண்டாட்டிக்கு,

செய். தைரியமாச் செய். காது கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன்.

நீ கூடுகைக்கு வந்திருக்கவேண்டும். உன்னைக் கூப்பிடாதது அந்தச் செயலாளரின் புத்தி, அதனால் எழுத வேண்டியிருக்கிறது. பள்ளிக்கூட அரங்கம், நாற்காலி எல்லாம் நிறைந்துவிட்டது. எங்கள் முறை வந்தது. ஆறு பேரும் மேடையில் ஏறி அரைவட்டமாக நின்றோம். நான் வழக்கம்போல நடுவில். சுருதிக் குழலை வாயில் வைக்கப்போகிறேன், செயலாளர் மைக்கை எடுத்தார். இந்தக் குழுவில் ஒருவர் பயிற்சிச் சோதனையில் தேறவில்லை, யார் என்று சொல்ல அறிக்கை எழுதியவர் மறுக்கிறார், அவராகவே ஒதுங்கிக்கொண்டால் மற்ற ஐந்து பேர் பாடலாம், இல்லையென்றால் குழுவுக்கே அனுமதி இல்லை என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் எரிந்தது.

பேசாமல் இருந்துவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். ஆறு பேரும் இறங்கிப் போவோம், யாருக்கும் தெரியாது என்று மனம் கணக்குப் போட்டது. அப்போது பஸ் டிரைவர் தலையைக் குனிந்துகொண்டு படியைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். டீச்சர் அதற்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் கிளம்பிவிட்டாள். தையல்காரி என் முகத்தைப் பார்த்து, "நானாத்தான் இருக்கும், மன்னிச்சுக்கங்க" என்றாள். ஒவ்வொருத்தரும் அந்த நாற்பத்தொன்று தன்னுடையது என்று இரண்டு மாதமாக மனதில் வைத்துப் புழுங்கியிருக்கிறார்கள். ஒருத்தர்கூட என்னை நினைக்கவில்லை.

"நில்லுங்க எல்லாரும்" என்றேன். "அது நான். எனக்கு இடது காது கேக்காது. நவம்பர்லேர்ந்து கேக்காது. உங்க யார்கிட்டயும் சொல்லலை."

டிரைவர் படியில் ஒரு காலும் மேடையில் ஒரு காலுமாக நின்றார். செயலாளர் என் வலப்பக்கம் வந்தார். அப்படியென்றால் நான் உட்கார்ந்துகொள்வதுதான் நல்லது, உடம்பையும் பார்க்கவேண்டும் இல்லையா, யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள் என்று இதமாகச் சொன்னார். போனது காது, தொண்டை இல்லை என்றேன். சட்டம் என்று ஒன்று இருக்கிறதே என்றார்.

எனக்கு எங்கிருந்து அந்த வார்த்தை வந்தது என்று தெரியவில்லை. வரிசையின் ஓரத்துக்கு நடந்து போனேன். என் இடப்பக்கம் காலியாக, ஐந்து பேரும் வலப்பக்கம் வரும்படி நின்றுகொண்டேன். "சார், நீங்க இந்தப் பக்கம் வந்து நின்னுக்குங்க. சட்டத்தை முழுசா சொல்லுங்க, அவசரமே இல்ல. எனக்குக் கேக்காது. அதுக்குள்ள நாங்க பாடி முடிச்சிடறோம்." பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள், அப்புறம் அரங்கமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. குழலை ஊதினேன்.

ஐந்து பேரும் ஒரே காதில் வந்தார்கள். நவம்பருக்குப் பிறகு முதல்முறையாக டிரைவரின் குரலைக் கேட்டேன். கூடவே இன்னொன்றும் தெரிந்தது. இரண்டாவது அடியில் மனுஷன் சுருதியைக் கீழே இழுக்கிறார். எத்தனை மாதமாக இழுத்தாரோ, நான் தலையாட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன். முறைத்தேன், ஏறிவிட்டார். இனிமேல் அந்த ஓரம்தான் என் இடம். குழலும் என்னிடம்தான் இருக்கிறது. கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

முடிந்ததும் மற்றக் குழுக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். மார்க் போடாத வெப்சைட் ஒன்று இருக்கிறதாமே, யாரைக் கேட்பது என்றார்கள். உன் போன் நம்பரைக் கொடுத்திருக்கிறேன். அதில் ஒருத்தர் தன் குழுவுக்கென்று தனியாகச் செய்து தரமுடியுமா என்றும் கேட்டார். முகம் கொடுத்துப் பேசு, என்னிடம் பேசுவது மாதிரி பேசாதே. நேற்று தம்பிக்கு நானே போன் போட்டு என் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். நினைத்த மாதிரியே அழுதான். "ஏன் எல்லாரும் என்கிட்டயே மறைக்கறீங்க?" என்று கத்தினான். இன்னொன்றும் பாக்கி இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. அதை நீ சொல். நூலகத்துக்குப் போனது போதும்.

செயலாளர் நிஜமாகவே என் இடப்பக்கம் வந்து நின்று, பாட்டு முடியும்வரை பேசிக்கொண்டே இருந்தாராம். தையல்காரி சொன்னாள். என்ன பேசினார் என்று அவள் சொல்ல வந்தாள், நான் கேட்டுக்கொள்ளவில்லை.

உன் நாத்தனார்